எந்தக் குடிப் பிள்ளையின் பக்டீரியா

அத்தான் என் முகத்தில் போட்ட முதல் குத்தில் பல் விழவில்லை. இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊர் ஆரையம்பதியில் வேறு மாதிரிக் கதைக்கிறார்கள். பல் விழுந்தது நாலாவது குத்தில். அது வியாழக்கிழமை, ஆஸ்பத்திரி வாசலில். முதல் குத்து திங்கட்கிழமை மத்தியானம், எங்கள் வீட்டுக் குசினிக்கு வெளியே, நான் மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது விழுந்தது. இடையில் விழுந்த மற்ற அடிகளையும் வரிசையாகவே சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு சிட்டிகைப் பவுடர்.

என் அக்கா யசோதினிக்கு இருபத்தெட்டாவது கிழமையிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. ஆண் பிள்ளை. தொளாயிரத்து எண்பது கிராம். அத்தான் ஜெயரூபன் வாவியில் வலை போடுகிறவர். அவர் பிடித்துவரும் கொடுவா மீன்களில் இதைவிடப் பாரமானவை உண்டு. பிள்ளையின் தோலுக்கு உள்ளே ஓடும் நரம்பெல்லாம் வெளியே தெரிந்தது. வாயில் ஒரு ரியூப், மூக்கில் ஒரு ரியூப், காலில் ஒரு வயர். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்துகொண்டு, யாருக்கோ அடிக்கப் போகிறவன் மாதிரி இரண்டு கையையும் பொத்தி வைத்திருந்தான். எங்கள் குடும்பத்துக்கு ஏற்ற பிள்ளைதான் என்று அப்போதே நினைத்தேன்.

மட்டக்களப்பு டவுனில் உள்ள ஒரு ஆஸ்பத்திரி அது. பெயர் வேண்டாம். அவர்கள்மேல் ஒரு குறையும் இல்லை. அங்கே உடைந்தது எல்லாம் நாங்கள் உடைத்தது.

சனிக்கிழமை, பிள்ளைக்கு நாலு நாள். குறைமாதப் பிள்ளைகளின் வாட்டுக்குப் பொறுப்பான டொக்டர் ஸில்மியா அக்காவைக் கூப்பிட்டார். அத்தான் தோணியில் போயிருந்தார். நான் வந்தாறுமூலைக் கம்பஸில் உயிரியல் படிக்கிறவன் என்பதால், விளங்காததை விளங்கவைக்க அக்கா என்னைக் கூட்டிப்போனாள். இந்தக் கதையில் அக்கா செய்த ஒரே பிழை அதுதான்.

“இஞ்ச பாருங்க யசோதினி,” என்றார் டொக்டர். “நிறைமாசப் பிள்ளை பிறக்கக்குள்ள தாய்ட உடம்பிலேந்து நல்ல பக்டீரியாவ எடுத்துக்கிட்டு வரும். மறுகா பாலோட இன்னும் போகும். அது குடலுக்குள்ள நிண்டு காவல் காக்கும். உங்கட மகன் அவசரப்பட்டு வந்திட்டார். வந்த உடன பெட்டிக்குள்ள போட்டு அன்டிபயோட்டிக் குடுத்தம். அவர்ட குடல் இப்ப வேலி இல்லாத வளவு மாதிரி. கெட்டது உள்ளுக்குப் போச்செண்டா குடல் அழுகத் தொடங்கும். இந்த எடையில அது வந்தா தப்புறது கஷ்டம்.”

அக்கா வயிற்றுத் தையலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அதுக்குத்தான் இந்தப் பவுடர். நல்ல பக்டீரியா, உயிரோட இரிக்கி. உங்கட பால்ல கரைச்சி, ரியூப்பால, ஒரு நாளைக்கு ஒருதரம். அந்த நோய் வாறதக் குறைக்குது எண்டுதான் கனக்க ஆய்வு சொல்லுது. எல்லாப் பிள்ளையையும் காப்பாத்தும் எண்டு நான் சொல்லமாட்டன். எப்பவாவது அருமையா ஒண்டு ரெண்டு பிள்ளைக்கு இந்தப் பக்டீரியாவே ரெத்தத்துக்குள்ள போயும் இரிக்கி. அதனாலதான் கேட்டுச் செய்யிறம். விருப்பமெண்டா கையெழுத்து வைங்க. மறுகா தாயோ தகப்பனோ ஒராள் வேணாம் எண்டாலும் நிப்பாட்டிருவம்.”

“இது எங்கேந்து எடுக்கிற டொக்டர்?” என்று கேட்டது நான்.

“முதல்ல ஒரு சுகமான கைக்குழந்தைட மலத்திலேந்து பிரிச்சு எடுத்தது. இப்ப ஃபெக்டரியில வளர்க்கிறாங்க. இப்ப இதுக்கும் மலத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

அக்கா கையெழுத்து வைத்தாள். அன்றைக்கே பிள்ளைக்கு முதல் தடவை கொடுத்தார்கள். அரைக் கரண்டிகூட வராத பால், அதற்குள் பவுடர்.

டொக்டர் சொன்ன பதிலில் மூன்று வசனம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சந்தித் தேத்தண்ணிக் கடையில் நான் அதில் முதல் வசனத்தை மட்டும் சொன்னேன். மற்ற இரண்டையும் சொன்னால் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

“என்ன மதுரன், மருமகனுக்கு என்ன குடுக்கிறாங்க?” என்று கேட்டார் கடைக்காரர்.

“வேற ஒரு பிள்ளைட பீயிலேந்து எடுத்த பக்டீரியா.”

கடை முழுக்கச் சிரித்தது. ஒருவருக்குக் குடித்த பிளேன்டி மூக்கால் வந்தது. எனக்குச் சரியான புளுகம், பெருமை தலைக்கு ஏறியது. அந்தச் சிரிப்பு கடையிலிருந்து இறங்கி, கோயில் வீதியால் நடந்து, நல்லரத்தினம் மாமாவின் கேற்றடிக்குப் போய்ச் சேர்ந்தபோது அது சிரிப்பாக இருக்கவில்லை.

நல்லரத்தினம் மாமா அத்தானின் தாய்மாமன். அத்தானின் குடிக்குக் கோயிலில் வண்ணக்கர். அதாவது அந்தக் குடியின் சார்பில் கோயில் காரியம் பார்க்கிறவர். எங்கள் பக்கத்தில் எல்லோரும் ஏதோ ஒரு குடி, அதாவது வம்சம். எந்தக் குடிக்கு எந்த நாள் திருவிழா, எந்தக் குடிக்கு முதல் காளாஞ்சி மரியாதை, எந்தக் குடி எந்தக் குடியில் சம்பந்தம் வைக்கலாம் என்பதெல்லாம் அவருக்கு நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் வரும். எங்கள் குடி வேறு, அவர்கள் குடி வேறு. இரண்டின் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் விழுவதற்குப் போதிய பல் என்னிடம் இல்லை.

திங்கட்கிழமை மத்தியானம் அவர் அத்தானையும் இன்னும் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அத்தான் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார், அது அக்காவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு. ஆனாலும் அன்றைக்குக் கேற்றைத் தட்டிக்கொண்டு, அயலூர் ஆள் மாதிரி மாமாவுக்குப் பின்னால் வந்தார்.

“மதுரன், எழும்பு,” என்றார் மாமா.

“சாப்பிடுறன் மாமா.”

“பிள்ளைக்குப் பீயப் பருக்கிப்போட்டு நீ மீன் தின்னிறியா? எழும்புடா.”

எழும்பினேன்.

“அந்தப் பிள்ளை எந்தக் குடி?”

“எந்தப் பிள்ளை?”

“ஆர்ட பீய எங்கட பிள்ளைக்குக் குடுக்கிறாங்களோ, அந்தப் பிள்ளை. எந்தக் குடி? எந்த ஊர்? அதயாவது விசாரிச்சியா? டொக்டர் காத்தான்குடி முஸ்லிம் எண்டாங்கள். அவ ஊர்ப் பிள்ளையா?”

இந்த இடத்தில் நான் மிச்சம் இரண்டு வசனத்தையும் சொல்லியிருக்கலாம். வாயில்தான் இருந்தது. ஆனால் நாலு பேர் காது கொடுத்துக் கேட்கிற நேரம் எனக்கு வேறு விதமான பதில்தான் வரும்.

“குடி தெரியாது மாமா. ஜப்பான் பிள்ளை எண்டு நினைக்கிறன். அங்க குடி பாக்கிறல்லயாம்.”

முதல் குத்து அப்போது விழுந்தது. அத்தானின் கை, ஈரவலை இழுத்து இழுத்துப் பலகை மாதிரி ஆன கை. தட்டு பறந்து கிணற்றடியில் விழுந்தது. நான் குசினிச் சுவரில் விழுந்தேன். எழும்ப விடாமல் ஒருவன் இடுப்பில் உதைத்தான். மற்றவன் என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தான், சேர்ட் அவன் கையோடு போய்விட்டது. மூன்றாவது ஆள் அடிக்க இடம் இல்லாமல் சுற்றிச் சுற்றி வந்தான்; பாவமாக இருந்தது.

அம்மா குசினிக்குள்ளிருந்து தேங்காய் துருவும் திருவலையோடு வெளியே வந்தார். ஒரு சத்தம் போடவில்லை. நேரே போய்த் திருவலையின் பல்லுப் பக்கத்தால் நல்லரத்தினம் மாமாவின் முழங்காலுக்குக் கீழே போட்டார். வெள்ளை வேட்டியில் சிவப்பு இறங்கியது.

“என்ட வாசல்ல வந்து என்ட புள்ளைக்கு அடிக்கிறியளா?” என்று அதற்குப் பிறகுதான் கேட்டார். “இனி ஆருக்கு வேணும், வாங்க.”

அடுத்தது அத்தானுக்கு, முதுகில். அத்தான் திரும்பிப் பார்த்தார். மாமியாருக்குக் கை நீட்டுவது மரியாதை இல்லை. அதனால் அம்மாவுக்குச் சேரவேண்டியதையும் அவர் என்னிடமே தந்தார். அது இரண்டாவது.

அன்று பின்னேரமே அத்தான் ஆஸ்பத்திரிக்குப் போய், பவுடரை நிறுத்தச் சொன்னார். டொக்டர் அரை மணித்தியாலம் இருத்தி வைத்து விளங்கப்படுத்தியதாக நேர்ஸ் றமீஸா சொன்னார். அத்தான் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டிருக்கிறார். முடிவில், “நாளைக்கு அந்தப் பவுடர் என்ட பிள்ளைக்கிட்ட வந்தா, கொண்டு வாற கைய முறிப்பன்,” என்றிருக்கிறார். தகப்பன் மறுக்கிறார் என்று ஃபைலில் எழுதிவிட்டு நிறுத்திவிட்டார்கள். மொத்தம் மூன்று தடவை கொடுத்திருந்தார்கள்.

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. செவ்வாய்க்கிழமை நான் போனபோது, வாட்டுக்கு வெளியே அத்தானைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னத்துக்கு நிப்பாட்டினீங்க?”

“எந்தக் குடிப் பிள்ளைட பீ எண்டு மாமா கேக்கிறார். ஜப்பானாம். ஊர் சிரிக்குது.”

“ஊர் வந்து அவனுக்கு மூச்சு விடுமா?”

அத்தான் குப்பை வாளிக்கு உதைத்தார். அது மூலைவரை உருண்டு போனது. திரும்பும்போது என்னைக் கண்டார். அது மூன்றாவது, காதோடு விழுந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்து, “உனக்கு ஏன்டா அடிக்கிறார்?” என்று கேட்டாள். “பழகிட்டு அக்கா,” என்றேன். கோழை என்றால் அப்படித்தான் பகிடி விடுவான்.

ஒவ்வொரு நாள் காலையும் பிள்ளையின் வயிற்றைச் சுற்றி ஒரு டேப் வைத்து அளப்பார்கள். செவ்வாய் இருபத்தொன்று சென்ரிமீற்றர். புதன் இருபத்தொன்றரை. வியாழக்கிழமை காலை இருபத்துநாலு. வயிறு பளபளவென்று வீங்கி, ரியூப்பால் பச்சைத் தண்ணி வந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். பாலை முற்றாக நிறுத்தினார்கள். பொத்திய இரண்டு கையும் விரிந்து கிடந்தன.

நான் டொக்டரைக் கொரிடோரில் மறித்தேன். “பவுடர் நிப்பாட்டினதாலயா டொக்டர்?”

“தெரியாது.”

“குடுத்ததாலயா?”

“அதுவும் தெரியாது தம்பி. ரெண்டும் இல்லாமலும் வரும். இப்ப எனக்கு அத யோசிக்க நேரம் இல்ல. வழி விடுங்க.”

நல்லரத்தினம் மாமாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது. பிள்ளைக்கு வயிறு வீங்கிவிட்டது என்ற செய்தி ஆரையம்பதிக்குப் போய்ச் சேர்ந்ததும், “பீ வேலையக் காட்டிட்டு,” என்றாராம். பன்னிரண்டு மணிக்குப் பார்வையாளர் நேரம். பத்து நிமிஷம் முந்தியே ஒரு வான் வந்து நின்றது. ஏழு பேர் இறங்கினார்கள். முன்னால் மாமா, காலில் கட்டோடு. பக்கத்தில் அத்தான்.

வாட்டுக்கு ஒரு கண்ணாடிக் கதவு. அதற்கு வெளியே செக்கியூரிட்டி முனாபும் நானும். முனாபுக்கு ஐம்பது கிலோ இருக்கும், அதில் இரண்டு கிலோ சப்பாத்து.

“டொக்டர வெளிய வரச்சொல்லு,” என்றார் மாமா.

“உள்ள சின்னப் பிள்ளையள் இரிக்கி, சத்தம் போடாதீங்க,” என்றார் முனாப்.

அவ்வளவுதான் முனாப் பேசியது. இரண்டு பேர் அவரைத் தூக்கிச் சுவரோடு அடித்தார்கள். கை முறிந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. தொப்பி என் காலடிக்கு உருண்டு வந்தது. நான் கதவுக்குக் குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றேன். வீரம் இல்லை. வீட்டில் சொல்லாமல் விட்ட இரண்டு வசனத்தையும் இப்போது சொல்லலாம் என்று நினைத்தேன்.

“அத்தான், கேளுங்க. அது ஃபெக்டரியில...”

நாலாவது குத்து. ஏதோ கல்லைக் கடித்தது மாதிரி இருந்தது, துப்பினேன், பல். வாய்க்குள் இளஞ்சூடாக நிறைந்தது. ஐந்தாவது விலாவில். காற்று போய்விட்டது. குனிந்தேன். முழங்கால் ஒன்று மூக்குக்கு வந்தது. அது யாருடைய முழங்கால் என்று இன்றுவரை தெரியாது, விசாரிக்கவும் இல்லை. தரையில் விழுந்த பிறகு சப்பாத்துகள், செருப்புகள். என் ரத்தத்தில் வழுக்கி ஒருவன் என்மேலேயே விழுந்தான். விழுந்தவன் எழும்பாமல் அங்கிருந்தபடியே என் கழுத்தைப் பிடித்தான்.

இந்த நேரத்தில் அத்தான் கதவுக்குப் போனார். உள்ளே பூட்டியிருந்தது. முழங்கையால் ஒரு அடி. கண்ணாடி முழுதாக இறங்கியது. உள்ளே பிள்ளைகளின் மெஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கின. உடைந்த விளிம்பில் கையை விட்டுப் பூட்டைத் திறந்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கிழிந்தது. அதை அவர் பார்க்கவும் இல்லை.

உள்ளே முதலில் ஒரு சின்ன அறை. அங்கே கை கழுவும் தொட்டி, செருப்புத் தட்டு. அதற்கு அடுத்த கதவுக்குப் பின்னால்தான் பிள்ளைகள். அந்த இரண்டாவது கதவில் நேர்ஸ் றமீஸா நின்றார். உயரமான பெண். சேலைன் தொங்கவிடுகிற இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“இந்தக் கையோட ஒராளும் உள்ள போகேலாது,” என்றார். “செருப்ப அங்க கழட்டுங்க. முழங்கைவரைக்கும் கழுவுங்க. ரெண்டு நிமிஷம். மணிக்கூடு சுவத்தில இரிக்கி. மறுகா என்னயும் அடிச்சிப்போட்டுப் போங்க.”

நான் தரையில் கிடந்தபடி பார்த்தேன். என் கழுத்தைப் பிடித்திருந்தவனும் விட்டுவிட்டு உள்ளே போயிருந்தான். ஏழு பேரும் நின்றார்கள். பிறகு நல்லரத்தினம் மாமா செருப்பைக் கழற்றினார். மூலஸ்தானத்துக்குக் கிட்டப் போகிற ஆள். செருப்பைக் கழற்று, கழுவிவிட்டு வா என்று சொன்னால் அவர் உடம்பு அவரைக் கேட்காமலே செய்துவிடும். ஒரு செக்கியூரிட்டியின் கையை உடைத்துவிட்டு வந்த கூட்டம், வரிசையில் நின்று செருப்புத் தட்டில் செருப்பு வைத்தது. அத்தான் தொட்டிக்குப் போய்த் தண்ணியைத் திறந்தார். தொட்டி சிவந்தது. அவர் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துத் தேய்த்தார். காயத்துக்குள் சவர்க்காரம் போகும்போது பல்லைக் கடித்தார்.

அந்த இரண்டு நிமிஷத்தில்தான் அக்கா வெளியே வந்தாள். பிள்ளைக்குப் பால் நிறுத்தியிருந்தாலும் அவள் கறந்து குளிரில் வைக்கவேண்டும், அதைச் செய்துகொண்டிருந்தவள். கையில் கால்வாசிப் போத்தில் பால். மற்றக் கை தையலில்.

தரையில் கிடந்த என்னைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். பிறகு மாமாவிடம் வந்தாள்.

“மாமா, ஒண்டு கேக்கணும்.”

“கேளு புள்ள.”

“இவர் எந்தக் குடி?” என்று அத்தானைக் காட்டினாள்.

“இது என்ன கேள்வி? எங்கட குடிதான். என்ட தங்கச்சி பெத்த பிள்ளையெல்லோ.”

“நான்?”

“நீ உங்கம்மாட குடி.”

“உள்ளுக்குக் கிடக்கிறவன் ஆர் பெத்த பிள்ளை?”

மாமா வாயைத் திறந்தார். தொட்டியில் தண்ணி ஓடிக்கொண்டிருந்தது.

“நீ பெத்த பிள்ளை,” என்றார்.

“அப்ப அவன் எந்தக் குடி?”

எங்கள் ஊரில் குடி தாயால் வருவது. தகப்பனால் வருவது மூக்கு, முழி, கோபம் மட்டும். நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் இது தெரியும். தாய் வேறு குடி என்று சொல்லி இதே நல்லரத்தினம் மாமா எத்தனையோ பேரைத் தங்கள் குடித் திருவிழாவிலிருந்து எழுப்பி அனுப்பியிருக்கிறார். தங்கள் குடியே இல்லாத ஒரு பிள்ளையின் குடிச் சுத்தத்தைக் காப்பாற்ற ஏழு பேர் வான் பிடித்து வந்திருந்தார்கள். எனக்கும் தோன்றவில்லை, அம்மாவுக்கும் தோன்றவில்லை. அடி விழுகிற நேரம் முறை யோசிக்க வராது.

“எங்கட குடிக்கு நீங்க வண்ணக்கர் இல்ல மாமா,” என்றாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை, உயர்த்தினால் தையல் இழுக்கும். “எங்கட பிள்ளைக்கு என்ன குடுக்கிறாங்க எண்டு எங்கட ஆக்கள் கேக்கட்டும். எங்கட குடியில இப்ப மூத்த ஆள் அம்மா. அம்மா கேட்டா நான் பதில் சொல்லுவன். நீங்க கேக்கிறதுக்கு முறை இல்ல.”

மாமா நேர்மையான மனுஷன், அதுதான் அவரில் உள்ள ஆபத்து.

“அது சரிதான்,” என்றார். பிறகு மற்றவர்களைப் பார்த்து, “வாங்கடா போவம். இது எங்கட விஷயமில்ல,” என்றார். போட வசதியாகச் செருப்பைத் திருப்பி வைத்தார்.

அத்தான் தொட்டியிலிருந்து திரும்பினார். இரண்டு கையிலும் சவர்க்கார நுரை, வலது கையில் நுரை சிவப்பு.

“எங்கட விஷயமில்லயா?”

“இல்ல மனே. முறைப்படி பாத்தா...”

“ரெண்டு நாளா என்ட தலையில ஏறி நிண்டு, பவுடர நிப்பாட்டு நிப்பாட்டு எண்டு... அவன் வயிறு ஊதிக் கிடக்கான் உள்ள. இப்ப முறையா?”

தாய்மாமன் என்றும் பார்க்கவில்லை. நுரையோடு குத்தினார். நாலு நாளாக எனக்கு அடித்து முறியாத கை மாமாவின் நெற்றியில் முறிந்தது. சத்தம் எனக்கே கேட்டது. மாமா செருப்புத் தட்டோடு சரிந்தார். அத்தான் முறிந்த கையோடேயே மேலே ஏறி இருந்து இடது கையால் குத்தத் தொடங்கினார். மற்ற ஐந்து பேருக்கும் யாரைப் பிடிப்பது என்று தெரியவில்லை, இருவரும் ஒரே குடி. கடைசியில் றமீஸா நேர்ஸ்தான் சேலைன் கம்பியால் அத்தானின் முதுகில் ஒன்று போட்டு நிறுத்தினார். அளவான அடி. படித்தவர்கள் அடிப்பதில் ஒரு நிதானம் இருக்கிறது.

பொலிஸ் வந்தது. அத்தானையும் மாமாவையும் ஒரே ஜீப்பில் ஏற்றினார்கள். ஜீப்புக்குள்ளேயும் சண்டை நடந்ததாகக் கேள்வி.

என் வாயில் பஞ்சை அடைத்துவிட்டு, அக்கா எனக்கு முன்னால் கதிரையில் இருந்தாள்.

“பீ, ஜப்பான் எண்டெல்லாம் இவங்களுக்கு ஆர் சொன்ன?”

பஞ்சை எடுத்தேன். சொன்னேன். கடை, முதல் வசனம், சிரிப்பு, எல்லாம்.

அவள் அறைந்தாள். வலது கையில் ஊசி குத்தியிருந்தபடியால் இடது கை. அத்தானின் ஐந்தும் சேர்ந்து வலிக்காத வலி. பல் போன பக்கம் பார்த்துத்தான் அடித்தாள், தற்செயல் இல்லை.

“மிச்சத்தையும் அதே கடையில போய்ச் சொல்லு,” என்றாள். “இண்டைக்கே.”

போனேன். ஞாயிறு இருந்த ஆட்கள்தான் இருந்தார்கள். ஃபெக்டரியில் வளர்ப்பது, மலத்தோடு சம்பந்தம் இல்லாதது, குறைமாதப் பிள்ளையின் குடலுக்குக் காவல் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். வாய் வீங்கி ஒரு பக்கமாக இருந்ததால் ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. கடைக்காரர் எனக்குச் சூடு ஆற்றிய பிளேன்டி ஒன்று தந்து, “சொல்லாத மனே, நோகும்,” என்றார்.

பிள்ளை பத்து நாள் பட்டினி. நரம்பால் சேலைன் மட்டும், மருந்து ஊசி மட்டும். மூன்றாம் நாள் வயிறு இருபத்தைந்து. அன்றைக்கு வெட்டவேண்டி வரலாம் என்றார்கள். கொழும்புக்கு அனுப்ப அம்புலன்ஸ் எழுதி வைத்தார்கள். நாலாம் நாள் இருபத்துநாலரை. அம்புலன்ஸ் வேண்டாம் என்றார்கள். ஏழாம் நாள் இருபத்திரண்டு. அக்கா அந்தப் பத்து நாளும் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதரம் கறந்து போத்திலில் பேர் ஒட்டிக் குளிரில் வைத்தாள்.

ஐந்தாம் நாள் அத்தான் பிணையில் வந்தார், வலது கையில் பிளாஸ்டரோடு. வீட்டுக்கு வந்தபோது அவருடைய உடுப்பும் வலையும் கேற்றுக்கு வெளியே ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தன. அக்காவின் வீடு, அக்காவின் சொல்; அடுக்கியது அம்மா. மாமா வீட்டுக்கும் போக வழியில்லை. வாவிக்கரையில் மீன்காரரின் வாடிக் கொட்டிலில் படுத்தார். ஒவ்வொரு நாளும் பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக் கொரிடோரில் வந்து நின்றார். அவரை உள்ளே விடக்கூடாது என்று பொலிஸ் சொல்லியிருந்தது. நானும் அங்கேதான் நின்றேன். என்னை உள்ளே விடக்கூடாது என்று அக்கா சொல்லியிருந்தாள்.

பதினோராம் நாள் டொக்டர் ஸில்மியா பேப்பரோடு வெளியே வந்தார். “பால் தொடங்கப் போறம். பவுடர் வேணுமா வேணாமா எண்டு உங்கட மனிசிட்ட திரும்பக் கேட்டன். வேணுமாம். நீங்க முதல்ல மறுத்தது ஃபைலில இரிக்கி.”

“அவள் சொன்னாச் சரி டொக்டர்,” என்றார் அத்தான்.

“அது காணாது. எழுதித் தரணும்.”

அத்தான் பேப்பரைச் சுவரில் வைத்து இடது கையால் கையெழுத்துப் போட்டார். நண்டு நடந்த மாதிரி இருந்தது. டொக்டர் பேப்பரை வாங்கிக்கொண்டார்.

“முனாப் கேட்டார், உங்கட கை எப்பிடி எண்டு,” என்றார்.

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

உடைந்த கதவுக்குப் புதுக் கண்ணாடி இன்னும் வரவில்லை. மரப்பலகை அடித்து, நடுவில் ஒரு சாண் அகலத்துக்குக் கண்ணாடித் துண்டு ஒன்று பொருத்தியிருந்தார்கள். அதன் வழியாக நேரே தெரிந்தது எங்கள் பிள்ளையின் பெட்டி. ஒரு ஆள்தான் பார்க்கலாம். நாங்கள் இருவரும் காதோடு காது வைத்துப் பார்த்தோம்.

றமீஸா நேர்ஸ் ரியூப்பின் நுனியில் ஒரு சின்னச் சிரிஞ்சைப் பொருத்தினார். பவுடர் கரைத்த பாலை அதற்குள் விட்டார். அமுக்கவில்லை. அமுக்கக்கூடாதாம், உயரத்தில் பிடிக்கவேண்டும், பால் தன் பாரத்தில் தானாக இறங்கவேண்டும். அக்கா பெட்டியின் துவாரத்துக்குள் கையை விட்டு, ஒரு விரலை அவன் உள்ளங்கையில் வைத்திருந்தாள்.

“இறங்குதா?” என்றார் அத்தான்.

“ஓம்.”

“நிண்டிட்டு மாதிரிக் கிடக்கு.”

“மூச்ச அங்கால விடுங்க அத்தான், கண்ணாடி புகார் மூடி மறைக்குது.”

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். நானும் பிடித்துக்கொண்டேன். வெள்ளைக் கோடு சிரிஞ்சில் ஒரு நூல் அளவு கீழே வந்தது. நின்றது. பிறகு இன்னொரு நூல்.

“பிள்ளை வீட்ட வரட்டும்,” என்றார் அத்தான் கண்ணாடியிலிருந்து கண் எடுக்காமல். “மற்றப் பக்கப் பல்லயும் கழட்டுறன் உனக்கு.”

“வரட்டும்,” என்றேன்.

சிரிஞ்ச் வெறுமையானது. றமீஸா டேப்பை எடுத்து வயிற்றைச் சுற்றி வைத்து, குனிந்து பார்த்து, எழுதினார். எண் எங்களுக்குத் தெரியவில்லை. அத்தான் பிளாஸ்டர் கையால் பலகையில் மெதுவாகத் தட்டினார். றமீஸா நிமிர்ந்து எங்களைப் பார்த்து, நாளைக்குத்தான் தெரியும் என்று சத்தமில்லாமல் வாயை அசைத்தார்.

அத்தான் சுவரோடு சரிந்து நிலத்தில் இருந்தார். நானும் இருந்தேன், அவருடைய இடது கை எட்டாத தூரத்தில்.